உதிர்ந்த பழமும் கசிந்த நீரும்

நல்லது செய்தவரைப் பாராட்டுவது எளிது. அந்த நல்லதனால் அருகில் இருப்பவருக்கு என்ன நேர்ந்தது என்று திரும்பிப் பார்ப்பது அவ்வளவு எளிதன்று. கம்பம் பள்ளத்தாக்கில் நாம் பங்குப்பணி ஆற்றிய நாள்களில், ஒரு திராட்சைத் தோட்டம் இந்தப் பாடத்தை நமக்குக் கற்பித்தது. கற்பித்த விதம் நமக்குப் பெருமை தருவதன்று. எனினும் அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயன்தரும் என்று எண்ணுகிறோம்.

அறுவடைத் திருப்பலி ஒன்றில், காணிக்கைப் பவனியில் பன்னீர்த் திராட்சைக் குலைகளை ஏந்தி வந்த விவசாயி ஒருவரை நாம் மறையுரையில் பாராட்டினோம். தம் ஒன்றரை ஏக்கர்த் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டிப் பாத்தி நிறையப் பாய்ச்சும் பழைய முறையை விட்டு, சொட்டுநீர்ப் பாசனத்திற்கு அவர் மாறியிருந்தார். இறைவன் கொடுத்த நீரில் ஒரு துளியையும் வீணாக்காத நல்ல பணியாளர் என்று அவரை எடுத்துக்காட்டினோம். மக்கள் மகிழ்ந்தனர். அவரும் தலைகுனிந்து புன்னகை செய்தார்.

திருப்பலி முடிந்தபின் கோவில் வாசலில் ஒரு கைம்பெண் காத்திருந்தார். அந்த விவசாயியின் தோட்டத்திற்குக் கீழ்ப்புறம் அரை ஏக்கரில் அவருக்கும் ஒரு பந்தல் உண்டு. நீருக்கு ஒரு பழைய வெட்டுக் கிணறு. அவர் சினத்தோடு பேசவில்லை.

"சாமி, நீங்க அவுகளப் பெருமையாப் பேசுனது சரிதான். நல்ல மனுசன்தான். ஆனா அவுக தண்ணிய மிச்சம் பிடிக்க ஆரம்பிச்சதுல இருந்து எங் கெணத்துல ஊத்து இல்ல. அந்த மிச்சமெல்லாம் எங்க போச்சு சாமி?"

நம்மிடம் விடை இல்லை. செபிப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். செபிப்பது தேவைதான். ஆயினும் அன்று அந்தச் சொல்லை நாம் பயன்படுத்தியது, விடை தெரியாத கேள்வியிலிருந்து தப்பிச் செல்வதற்காகவே என்பதைப் பின்னர் உணர்ந்தோம். சேமித்த நீர் எங்கே போயிற்று? அது யாருடையது? இவ்விரு கேள்விகளையும் ஒழுங்காகச் சிந்திக்கும் முயற்சியே இக்கட்டுரை.

கொடிக்கு நீர் செல்லும் வழிகள்

கம்பம் பள்ளத்தாக்கை அறியாதவர் தமிழகத்தில் குறைவு. முல்லைப் பெரியாற்று அணை 1895இல் பயன்பாட்டிற்கு வந்தபின், மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிற்று. மழை மறைவில் கிடந்த நிலம் நெல் விளையும் பூமியாயிற்று. ஆற்று நீரும் வயல் நீரும் மண்ணில் ஊறிக் கிணறுகளை நிறைத்தன. அந்தக் கிணறுகளையும், பின்னர் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பியே கம்பம், சுருளிப்பட்டி, கூடலூர், காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களில் திராட்சைப் பந்தல்கள் பரவின. மஸ்கட் ஹாம்பர்க் என்று நூல்களில் குறிக்கப்படும் இந்த இனத்தை நம் மக்கள் பன்னீர்த் திராட்சை என்று அன்போடு அழைக்கிறார்கள். 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவரால் தமிழகத்திற்குக் கொண்டுவரப்பட்டது என்பது இதன் வரலாறாகச் சொல்லப்படுகிறது. 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பந்தலுக்கு நீர் பாய்ச்சுவதில் பழைய முறை நாம் அனைவரும் கண்டதே. கிணற்றிலிருந்து இறைத்த நீர் வாய்க்காலில் ஓடும். மண்வெட்டி கொண்டு மடை திறந்து ஒவ்வொரு பாத்தியாக நிரப்புவார்கள். ஒரு பாத்தி நிறைந்ததும் அந்த மடையை அடைத்து அடுத்ததைத் திறப்பார்கள். இம்முறையில் பாய்ச்சிய நீர் முழுவதும் வேருக்குப் போவதில்லை. ஒரு பகுதி வெயிலில் ஆவியாகும்; ஒரு பகுதி வேர் எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடும்.

சொட்டுநீர்ப் பாசனத்தின் கதை ஒரு மரத்தோடு தொடங்குகிறது. சிம்ஹா பிளாஸ் என்னும் யூத நீர்ப்பொறியாளர், 1930களில், வரிசையாய் நின்ற மரங்களுள் ஒன்று மட்டும் மற்றவற்றைக் காட்டிலும் செழித்து வளர்ந்திருக்கக் கண்டார். காரணம் தேடியபோது, அருகில் சென்ற குழாயில் சிறு கசிவு இருந்தது. ஓயாது விழுந்த சில துளிகளே ஒரு மரத்திற்குப் போதுமாயிருந்தன. பிளாஸ்டிக் குழாய்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின் அவர் அந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்தார். 1965இல் நெகேவ் பகுதியின் ஹட்சேரிம் கூட்டுப் பண்ணை அதைத் தொழிலாகத் தொடங்கியது. இன்று அந்தக் கருங்குழாய்கள் நம் பந்தல்களின் அடியிலும் கிடக்கின்றன. தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு இதன் செலவு முழுவதும் மானியமாகவே வழங்கப்படுகிறது.

திராட்சைக் கொடிக்கு இந்த அளவான நீர் பொருத்தமானது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மிகுதியாக நீர் குடித்த கொடி இலையைப் பெருக்கும். பழத்தின் தரம் குறையும். ஆகவேதான் கவாத்துக்கு ஒரு வாரம் முன்பும், பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பும் நீரை நிறுத்த வேண்டும் என்று நம் வேளாண் அறிஞர்கள் சொல்கிறார்கள். 1990களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை இன்னும் நுட்பமாக்கினர். கொடியின் வேர்ப்பகுதியில் ஒரு பக்கம் மட்டும் நீர் விட்டு மறுபக்கத்தைக் காயவிட்டனர். பின்னர் பக்கத்தை மாற்றினர். காய்ந்த வேர்கள் ஒரு வேதிப்பொருளை மேலே அனுப்ப, இலைகளின் நுண்துளைகள் ஓரளவு மூடிக்கொள்கின்றன. நனைந்த வேர்கள் கொடியை வாடாமல் காக்கின்றன. நீர்ச்செலவு குறைகிறது, விளைச்சலோ பெரிதும் குறைவதில்லை. வறட்சியை உணர்ந்த வேர் தன் உறுப்பு முழுமைக்கும் சிக்கனத்தைக் கற்பிக்கிறது என்று இதைச் சொல்லலாம்.

இதுவரை பார்த்ததில் பாராட்டுக்குரியதே தவிரக் குறைகூறத்தக்கது ஒன்றும் இல்லை. நம் மறையுரையும் இந்த இடத்தில்தான் நின்றுவிட்டது.

மிச்சம் என்னும் கணக்கு

அந்தப் பெண்ணின் கேள்வியைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். விளக்கத்திற்காக எளிய எண்களை எடுத்துக்கொள்கிறோம். பழைய முறையில் ஒரு தோட்டத்திற்கு 100 குடம் நீர் இறைத்ததாக வைத்துக்கொள்வோம். வேர் குடித்தது 50 குடம். வெயில் குடித்தது 10 குடம். எஞ்சிய 40 குடம் மண்ணுக்குள் இறங்கியது. தோட்டக்காரரின் கண்ணில் இந்த 40 குடம் வீண். நிலத்தின் கணக்கிலோ அது வீணன்று. எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அங்கேயே திரும்பிச் சேர்கிறது. போகும் வழியில் கீழ்ப்புறத்துக் கிணற்றில் ஊற்றாகவும் சுரக்கிறது. ஆகவே, நிலத்தடியிலிருந்து உண்மையில் செலவானது 60 குடமே.

இப்போது சொட்டுநீர் வருகிறது. வேருக்கு அதே 50 குடம் வேண்டும். ஆவியாவது மிகக் குறைவு. 55 குடம் இறைத்தால் போதும். தோட்டக்காரர் 45 குடம் சேமித்ததாக மகிழ்கிறார். அவருடைய மோட்டாரின் கணக்கில் அது உண்மை. நிலத்தின் கணக்கில், முன்பு 60 போனது இப்போது 55 போகிறது. சேமிப்பு 5 குடம் மட்டுமே.

அவர் இத்துடன் நின்றிருந்தால் தீங்கில்லை. சிறிதளவாயினும் நன்மையே. ஆனால் கையில் மிஞ்சியதாகத் தோன்றும் 45 குடத்தைக் கொண்டு அவர் இன்னொரு பந்தல் போட்டுவிட்டால் என்ன ஆகும்? இறைப்பது முன்போலவே 100 குடம். அதில் ஏறத்தாழ 90 குடத்தைக் கொடிகளே குடித்துவிடும். மண்ணுக்குள் திரும்புவது மிகச் சொற்பம். முன்பு 60 குடம் இழந்த நிலம் இப்போது 90 குடத்துக்கு மேல் இழக்கிறது. மோட்டார் அதே நேரம்தான் ஓடுகிறது. எவரும் கூடுதலாக எடுத்ததாகத் தெரியாது. கீழ்ப்புறத்துக் கிணறு மட்டும் வற்றிப்போகும்.

நம் விவசாயியின் தோட்டத்தில் நடந்தது இதுவே. மூன்றே ஆண்டுகளில் அவருடைய ஒன்றரை ஏக்கர்ப் பந்தல் மூன்று ஏக்கராயிற்று. பழைய கிணறு போதாதென்று 600 அடிக்கு ஆழ்துளைக் கிணறும் இட்டார். அந்தப் பகுதி கடும்பாறை நிலம். மேலே உள்ள மண்ணும் சிதைந்த பாறையுமே நீரைத் தேக்கி வைக்கின்றன. அடியில் உள்ள வெடிப்புகள் வழியே அது நகர்கிறது. ஆழத்தில் ஓயாது உறிஞ்சினால் மேலே இருப்பது கீழே இறங்கும். வெட்டுக் கிணறுகள் முதலில் உலரும். அந்தப் பெண் கேட்ட மிச்சம் வேறெங்கும் போகவில்லை. அடுத்த ஒன்றரை ஏக்கரின் இலையிலும் பழத்திலும் ஏறிவிட்டது.

இது ஓர் ஊரின் கதை மட்டுமன்று. அமெரிக்காவின் ரியோ கிராண்டே ஆற்றுப் படுகையை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வொன்று, சிக்கனப் பாசனத்திற்குக் கொடுக்கப்படும் மானியம் படுகை முழுவதன் நீர்ச்செலவைக் கூட்டிவிடக் கூடும் என்று காட்டியது. 2018இல் பல நாட்டு அறிஞர்கள் 'சயன்ஸ்' இதழில் இதையே உலகளாவிய ஒரு முரண்பாடாக எடுத்துரைத்தனர்.

திராட்சைக்கே உரிய சான்று ஸ்பெயின் நாட்டில் உள்ளது. லா மான்சா சமவெளி உலகின் மிகப் பரந்த திராட்சைப் பகுதிகளுள் ஒன்று. அங்கே காலங்காலமாகக் கொடிகள் விலகி விலகி நடப்பட்டு, மழையை மட்டுமே நம்பி வளர்ந்தன. 1970ஆம் ஆண்டுச் சட்டம் திராட்சைக்கு நீர் பாய்ச்சுவதைத் தடைசெய்திருந்தது. கடும் வறட்சிக்குப் பின் 1996இல் அந்தத் தடை நீங்கியது. வேறு பயிர்களால் முன்பே வற்றத் தொடங்கியிருந்த நிலத்தடி நீரில், சொட்டுநீர்க் குழாய்களோடு திராட்சையும் பங்கு கேட்டது. அதே நிலத்தடி நீரால் வாழ்ந்த தப்ளாஸ் தே தைமியேல் என்னும் சதுப்பு நிலம் உலர்ந்தது. 2009இல் அதன் மண்ணடியில் இருந்த தாவரக்கரி தீப்பற்றிப் புகைந்தது. நீர் நின்ற இடத்தில் நெருப்பு எரிந்தது. அங்கும் சிக்கனமான குழாய்கள்தான் இருந்தன.

மறுமுறை பறித்தல்

நம் மனம் இந்த இடத்தில் திருவிவிலியத்தின் பழைய சட்டம் ஒன்றை நாடிச் சென்றது. திராட்சைத் தோட்டத்தில் பழம் பறித்தவர் மீண்டும் ஒருமுறை சென்று எஞ்சியதைப் பறிக்கலாகாது. அது அந்நியருக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது என்று இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பற்றி லேவியர் நூலும் இவ்வாறே சொல்கிறது.

இந்தச் சட்டத்தை நாம் பலமுறை இரக்கச் செயலாக விளக்கியிருக்கிறோம். கூர்ந்து நோக்கினால் அது இரக்கத்தைவிட மேலானது. எஞ்சியதை ஏழைக்குக் கொடு என்று அது சொல்லவில்லை. எஞ்சியது ஏழையினுடையது என்கிறது. கொடுப்பவரின் கை அங்கே இடையில் வருவதில்லை. கைம்பெண் வாசலில் நின்று கேட்க வேண்டியதில்லை. தோட்டத்துக்குள் நுழைந்து தன் பங்கைத் தானே எடுத்துக்கொள்ளலாம். அறுவடை செய்பவரின் பார்வை தவறவிட்டது, கை எட்டாதது, காற்றில் உதிர்ந்தது ஆகியவை எல்லாம் ஒருவருடைய வாழ்வு என்று அந்தச் சட்டம் அறிந்திருந்தது.

நம் பழைய பாசனத்தில் பாத்தியின் அடியில் கசிந்த நீரும் இத்தகையதே. மேல்தோட்டத்துக்காரர் அதைக் கொடுக்கவில்லை. கீழ்த்தோட்டத்துக்காரர் கேட்கவும் இல்லை. ஒருவருடைய கவனக்குறைவிலிருந்து மற்றவர் வாழ்ந்தார். புதிய குழாய், கொடியில் ஒரு பழத்தையும் விடாமல் மறுமுறை பறிக்கும் கையைப் போன்றது. அது நேர்மையான கைதான். தன் கொடியிலிருந்தே பறிக்கிறது. ஆயினும் பின்னால் வருபவருக்கு ஒன்றும் இல்லை.

வீண் என்று நாம் பெயரிடும் பொருள்களுள் எத்தனை, நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் உணவாக இருக்கின்றன! சிக்கனம் நற்பண்பே. ஆனால் சிக்கனத்தால் மிஞ்சியது எங்கே செல்கிறது என்பதைக் கேளாத சிக்கனம், பேராசைக்குக் கூலி வாங்காத வேலையாளாகிவிடும்.

எசாயா இறைவாக்கினரின் 5ஆம் அதிகாரத்தில் உள்ள திராட்சைத் தோட்டத்தின் உவமை நமக்குத் தெரியும். உரிமையாளர் கற்களை அகற்றி, நல்ல கொடிகளை நட்டு, காவல் மாடமும் ஆலையும் அமைத்தும், தோட்டம் காட்டுப் பழங்களையே தந்தது. நாம் வழக்கமாக அந்த இடத்தில் வாசகத்தை முடித்துவிடுகிறோம். அடுத்து வருவது என்ன? வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போய், பிறருக்கு இடமில்லாமல் செய்பவர்களுக்கு ஐயோ கேடு என்னும் எச்சரிக்கை. தோட்டத்தின் பழம் ஏன் கசந்தது என்பதற்கு இறைவாக்கினர் தரும் முதல் விளக்கம் அது.

மறுப்புகளுக்கு மறுமொழி

இவ்வாறு எழுதுவதால் நாம் சொட்டுநீர்ப் பாசனத்தைக் கண்டிப்பதாக எவரும் எண்ணலாகாது. பாத்தியில் நீர் தேங்காததால் தோட்டத்தில் ஈரப்பதம் குறைகிறது. அதனால் பூஞ்சண நோயும் மருந்து தெளிப்பும் குறைய வாய்ப்புண்டு. உரம் நீரோடு கலந்து வேருக்கே செல்வதால் நிலத்தடிக்கு இறங்குவது குறைகிறது. ஆவியாகி வீணாகும் நீர் உண்மையாகவே மிஞ்சுகிறது. நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் எழுந்து மண்வெட்டியோடு மடை மாற்றிய உழைப்பாளிக்கு ஓய்வு கிடைக்கிறது. இவை எல்லாம் நன்மைகளே. கேடு குழாயில் இல்லை. குழாயால் மிஞ்சியதைக் கொண்டு போட்ட கூடுதல் பந்தலில் இருக்கிறது.

அப்படியானால் அந்த விவசாயி நீதிக்கு எதிராக நடந்தாரா? நாம் அவரிடமே சென்றோம். கைம்பெண்ணின் கேள்வியையும் நம் கணக்கையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நான் யார் வீட்டுத் தண்ணியத் திருடுனேன் சாமி? என் எடத்துல போர் போட்டேன். மூணு எடத்துல தோண்டி ரெண்டு பொய்யாப் போச்சு. வீட்டு நகையெல்லாம் அடகுல கெடக்கு. ஒன்றரை ஏக்கர வச்சு அந்தக் கடன எப்படி அடைக்கிறது?"

அவர் கூற்றை எளிதில் ஒதுக்க இயலாது. சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, வரையறுத்த ஓடையாக ஓடாமல் தம் நிலத்தின் அடியில் உள்ள நீரைத் தம் எல்லைக்குள் எடுத்துப் பயன்படுத்த நில உரிமையாளருக்கு உரிமை உண்டு. வேளாண்மைக்குக் கட்டணமில்லா மின்சாரம் கிடைக்கும் மாநிலத்தில், இறைக்காமல் விடுவதற்குப் பணக் காரணமும் இல்லை. அவர் நிறுத்தினாலும் அடுத்த தோட்டத்துக்காரர் நிறுத்துவார் என்னும் உறுதி இல்லை. ஊரார் எல்லாரும் ஆழம் தோண்டும்போது ஒருவர் மட்டும் தோண்டாதிருந்தால், அவர் கிணறே முதலில் வற்றும். கடன் என்னும் கயிறு அவர் கழுத்தில் கிடக்கிறது. இந்நிலையில் அவரைப் பேராசைக்காரர் என்று அழைப்பது, நாம் அவரை முன்பு நல்ல பணியாளர் என்று அழைத்ததைப் போலவே அவசரமான தீர்ப்பாகும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. கசிந்த நீர் தற்செயலாக வந்த நன்மை. தற்செயலாகக் கிடைத்ததற்கு யாரும் உரிமை கொண்டாட முடியுமா? என் வீட்டு மரத்தின் நிழலில் அடுத்த வீட்டுக்காரர் அமர்ந்திருந்தார் என்பதற்காக நான் மரத்தை என்றும் வெட்டாமல் இருக்கக் கடமைப்பட்டவனா? கண்டிப்பான பரிமாற்ற நீதியின்படி, இல்லை என்றே ஒழுக்க இறையியல் விடை சொல்லும். இந்த மறுப்பு வலுவானது. ஆயினும் நிழலுக்கும் நிலத்தடி நீருக்கும் வேறுபாடு உண்டு. மரம் என் நிலத்தில் வேரூன்றி நிற்கிறது. நீரோ என் நிலத்தில் தங்குவதில்லை. மழையாய் வந்து எல்லார் நிலத்தின் அடியிலும் நகர்ந்து செல்கிறது. கசிவை நிறுத்தியதற்காக மட்டும் அந்த விவசாயியைக் குறை கூற முடியாது. கசிவை நிறுத்தியதோடு, பொதுவாய் இருந்த ஊற்றிலிருந்து தம் பங்கைப் பெருக்கிக்கொண்டார் என்பதே இங்குள்ள சிக்கல்.

புனித தோமா அக்குவினா உடைமையைப் பற்றிச் செய்த பாகுபாடு இங்கே நமக்குத் துணைசெய்கிறது. பொருளைத் தேடவும் நிர்வகிக்கவும் மனிதருக்குத் தனியுரிமை உண்டு என்றார் அவர். அதைப் பயன்படுத்தும் நிலையிலோ, தேவையுள்ளவரோடு பகிர ஆயத்தமாக இருக்கும் அளவுக்கு அதைப் பொதுவானதாகக் கருத வேண்டும் என்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், மண்ணுலகின் பொருள்கள் அனைத்தும் எல்லா மனிதரின் பயன்பாட்டிற்காகவே படைக்கப்பட்டவை என்று அதே கருத்தை உறுதிசெய்தது. திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட சுற்றுமடல், தூய குடிநீரைப் பெறுவதை அடிப்படை மனித உரிமையாக அறிவித்தது. ஆழ்துளைக் கிணறு தனியுடைமையாக இருக்கலாம். குழாயும் மோட்டாரும் தனியுடைமைதான். அவற்றின் வழியே ஏறிவரும் நீர் அவ்வாறானதன்று.

ஆகவே நம் முடிவு இது: அந்த விவசாயி திருடர் அல்லர். ஆனால் அவர் சேமித்த நீர் முழுவதும் அவருடையதும் அன்று. இவ்விரு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியும். அவற்றை ஒருங்கே தாங்க நம் மனம் பழகவில்லை என்பதால்தான், ஒருவரை நல்லவர் என்று புகழ்கிறோம் அல்லது தீயவர் என்று இகழ்கிறோம்.

யாருடைய பொறுப்பு?

தனிமனிதரின் மனச்சான்றால் மட்டும் தீராத கேள்விகள் உண்டு. நிலத்தடி நீர் அவற்றுள் ஒன்று. ஒருவர் குறைவாக எடுத்தால் மற்றவர் மிகுதியாக எடுப்பார் என்னும் அச்சம் இருக்கும்வரை, நல்லெண்ணம் உள்ளவரும் ஆழமாகவே தோண்டுவார். அந்த அச்சத்தை நீக்கக்கூடியது ஊர் கூடி எடுக்கும் முடிவு.

இது நடவாத கனவன்று. மகாராட்டிர மாநிலத்தின் ஹிவ்ரே பஜார் என்னும் சிற்றூரில், ஆண்டுதோறும் பெய்த மழையையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளந்து, கிராம சபையில் கணக்குப் படிக்கிறார்கள். குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கிய பின், எஞ்சியதற்கு ஏற்ப எந்தப் பயிரை எவ்வளவு இடலாம் என்று முடிவு செய்கிறார்கள். பாசனத்திற்காக ஆழ்துளைக் கிணறு இடுவதில்லை என்றும், நீரை மிகுதியாகக் குடிக்கும் கரும்பு, வாழை போன்றவற்றைத் தவிர்ப்பது என்றும் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். நம் முன்னோருக்கும் இது புதிதன்று. கண்மாய்ப் பாசனத்தில் நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் ஒருவரை ஊரார் நியமித்து, முறை வைத்து மடை திறந்தனர். கண்ணுக்குத் தெரிந்த கண்மாய் நீருக்கு நீர்க்கட்டியை வைத்த நாம், கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீருக்கு எவரையும் வைக்கவில்லை.

மானியம் கொடுப்பவர்கள் குழாய் இட்ட ஏக்கர்களை எண்ணுகிறார்கள். கிணற்றின் நீர்மட்டத்தையும் அதனோடு சேர்த்து எண்ண வேண்டும். மறையுரை ஆற்றும் எம் போன்றோர், சிக்கனத்தைப் புகழ்வதற்கு முன் அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்று கேட்டறிய வேண்டும். திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து பெறப்பட்ட இயற்கையான இரசமாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அந்தக் கனி எவருடைய ஊற்றைக் குடித்து விளைந்தது என்று சட்டம் கேட்பதில்லை. பீடத்தின் முன் நிற்கும் நாம் கேட்கலாம்.

அதன்பின் நிகழ்ந்ததையும் சொல்லிவிடுவது முறை. அடுத்த கோடையில் அந்தக் கைம்பெண் தம் கொடிகளை வெட்டிவிட்டார். பந்தலைத் தாங்கிய கல்தூண்களை விலைக்குக் கொடுத்தார். அவற்றை வாங்கியவர் மேல்தோட்டத்துக்காரரே. நியாயமான விலைதான் கொடுத்தார். ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. அதில் எவரும் குற்றம் காண முடியாது. ஆயினும் அந்தத் தூண்கள் ஏறி வந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு அவர் தம் வரப்பில் வெகுநேரம் நின்றிருந்ததாகச் சொன்னார்கள்.

சில வாரங்கள் கழித்து அவர் நம்மிடம் வந்தார். தம் கிணற்றிலிருந்து கீழ்த்தோட்டத்துக்கு ஒரு குழாய் இழுத்திருப்பதாகவும், வாரத்தில் இரண்டு நாள் காலை ஒரு மணி நேரம் நீர் விடுவதாகவும் சொன்னார். அந்தப் பெண் அந்த நீரில் மாட்டுக்குத் தீவனப் புல்லும் சில முருங்கையும் வளர்த்தார். திராட்சை திரும்பவில்லை.

"ஏதோ என்னால ஆன தருமம் சாமி" என்றார் அவர்.

தருமம் என்று சொல்ல வேண்டாம், அது அவருடைய பங்கு என்றோம். அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். மறுத்துப் பேசவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. குழாய் மட்டும் இன்னும் ஓடுகிறது என்று அண்மையில் அவ்வூரார் சொல்லக் கேட்டோம்.

அன்பு வாசகர்களே, நம்மில் பலருக்குத் திராட்சைத் தோட்டம் இல்லை. ஆயினும் சேமித்த நேரம், சேமித்த பணம், சேமித்த உழைப்பு என்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஏதோ ஒரு மிச்சம் உண்டு. அந்த மிச்சம் எங்கே போயிற்று என்று கீழ்ப்புறத்திலிருந்து ஒருவர் கேட்டால், நாம் என்ன விடை சொல்வோம்?